பட்டியல் போன வழியில் நடந்தவர்கள்

பங்குனி வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, உவர்க்குளம் வட்டாட்சியர் அலுவலகத்தில் தற்காலிகக் கணினிப் பணியாளராக இருந்த சங்கரவடிவு ஒரு பட்டியலைத் திறந்தாள், அவள் செய்தது அவ்வளவுதான், அது திரையில் விரிந்த அதே நிமிஷத்தில் ஊருக்குக் கிழக்கே உப்பளங்களில் பாத்திக்குள் இறங்கி நின்ற ஆண்களும் பெண்களும் உப்பு வாரும் பலகையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வரப்பேறி, ஈரக்காலோடு, தலையில் கட்டிய துண்டோடு, ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். ஏன் நடக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, கால் நடந்தது, அதனால் அவர்களும் கூடவே போனார்கள்.

வடிவு அந்தப் பட்டியலைப் போட்டதே பெரிய பாடு. உப்பளத் தொழிலாளர்கள் குடியிருக்கும் பாத்திக்காடு முழுக்கப் புறம்போக்கு நிலம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் வீட்டுமனைப் பட்டா கேட்டு மனுக் கொடுத்தார்கள். அந்த மனுக்களை மோசஸ் என்று ஒரு பணியாளர் ஸ்கேன் பண்ணி ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டார். நானூற்றுப் பன்னிரண்டு ஃபைல். போட்டவர் ஆள் பேரைப் போட்டிருக்கலாம், மனு எண்ணைப் போட்டிருக்கலாம், மோசஸ் இரண்டையும் போடவில்லை, மனசுக்கு வந்ததைப் போட்டிருந்தார்: ‘அடிக்கடி வருபவர்’, ‘காது கேக்காதவர்’, ‘கையெழுத்து இல்லை’, ‘கையெழுத்து இருக்கு’, ‘சிவப்புச் சேலை’, ‘சிவப்புச் சேலை அக்கா தங்கச்சி’, அலுப்புத் தட்டிய நாட்களில் பெயரே வைக்காமல் மெஷின் வைத்த பெயரோடு விட்டிருந்தார், ‘இமேஜ் ஏழு’, ‘இமேஜ் எட்டு’ என்று அப்படி அறுபத்தொன்று இருந்தன.

இந்த ஒன்பது வருஷத்தில் அந்த ஃபைல்களை ஒருவரும் திறந்ததில்லை. இப்போது பாத்திக்காட்டின் குறுக்கே புறவழிச்சாலை வருகிறது என்றும், மனுக் கொடுத்தவர்கள் யார் யார் என்று பார்த்துவிட்டு மற்ற வீடுகளை இடிக்கப்போகிறார்கள் என்றும் பேச்சு வந்து, மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. ஃபைல்களை அனுப்ப வேண்டாம், ஃபோல்டரில் உள்ள ஃபைல்களின் பெயர்களை மட்டும் ஒரே பட்டியலாக அனுப்பவும்.

“இது ஒரு வேலையாம்மா? ஒவ்வொண்ணாப் பாத்து டைப் அடிச்சிரு” என்றார் துணை வட்டாட்சியர் அருள்தாஸ்.

“நானூத்திப் பன்னெண்டு சார்.”

“அப்ப ஸ்கிரீனை ஃபோன்ல படம் புடிச்சு அனுப்பிரு.”

“இருபது படம் வரும் சார். பட்டியல்னு கேட்டிருக்காங்க.”

“எதையாவது பண்ணும்மா, சாயந்திரத்துக்குள்ள வேணும்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார். எதையாவது பண்ணு என்பதுதான் அவர் வடிவிடம் இதுவரை சொன்ன எல்லா உத்தரவுகளின் சாரமும். முப்பத்தாறு வயதில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் கையெழுத்துப் போட்டால்தான் நீட்டிப்பு என்கிற வேலையில், வடிவும் ஏழு வருஷமாக எதையாவது பண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

கணினியில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து அதில் ஒரு வரி அடித்தால் ஃபோல்டரில் இருக்கிற பெயர்களையெல்லாம் அதுவே ஒரு ஃபைலில் எழுதிக் கொடுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அடித்தாள். வந்தது. ஆனால் அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது போலிருக்கிறது, ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு, முந்நூற்றைம்பத்தொரு வரி வெறும் கேள்விக்குறியாக நீட்டிவிட்டது. அந்த நேரத்தில் உப்பளத்தில் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னதைக் கேட்டால், வரப்பில் நின்றவர் நின்ற இடத்திலேயே இரண்டு கால்களும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தனவாம், ஒரு கிழவர் பம்பரம் மாதிரி மூன்று சுற்றுச் சுற்றிப் பாத்திக்குள்ளேயே விழுந்தாராம். வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தத் திரைக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற இன்னொரு வரியைத் தேடிக் கண்டுபிடித்து அடித்து, மறுபடி பட்டியலைப் போட்டுத் திறந்தாள். அப்போதுதான் அவர்கள் நடக்க ஆரம்பித்தது.

அரை மணி நேரத்தில் அலுவலக வாசலிலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் வரிசை நின்றது. பட்டியலில் எந்த ஒழுங்கோ அந்த ஒழுங்கு. கணினி இங்கிலீஷ் எழுத்துகளை முன்னால் வைக்கும், அதனால் இமேஜ்காரர்கள் அறுபத்தொரு பேரும் தலைமாட்டில் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால்தான் அகரம் தொடங்கியது. அறுபத்திரண்டாவது ஆளாக ‘அடிக்கடி வருபவர்’ நின்றார், தங்கக்கண் என்று பெயர், ஒன்பது வருஷமாக மாதம் இருமுறை வந்து மனு என்னாச்சு என்று கேட்பவர்.

“என்ன தாயி, வரச்சொன்னீயளா?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்.

“நான் யாரையும் வரச்சொல்லலையே. பட்டியல்தான் போட்டேன்.”

“அதானே பாத்தேன். கால் இழுத்துட்டு வந்துட்டு. சரி, வந்ததுதான் வந்துட்டேன், மனு என்னாச்சு?”

உவர்க்குளம் இதற்கெல்லாம் வாயைப் பிளக்கிற ஊர் இல்லை. வரிசை நின்ற கால் மணி நேரத்தில் எதிரே டீக்கடைக்காரர் அடுப்பை இன்னும் இரண்டு பற்றவைத்தார், மதியத்துக்குள் ஒரு வெள்ளரிக்காய் வண்டியும் ஒரு நுங்கு வண்டியும் வந்தன, அலுவலகக் காவலாளி வரிசை நடுவில் சைக்கிள் போக வழிவிட்டு நிற்கும்படி கயிறு கட்டினார். பட்டியல் திரையில் திறந்திருக்கும்வரை கால் வரிசையைவிட்டு வெகுதூரம் போக விடாது, மூடினால் விட்டுவிடும் என்பதை முதல் நாளே எல்லோரும் கண்டுகொண்டார்கள், அதனால் ஒரு மணிக்கு வடிவு சாப்பாட்டுக்கு எழுந்தால் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் சாப்பாட்டுக்குப் போனார்கள், அவள் தண்ணீர் குடிக்க எழுந்து கணினியை மூடினால் அவர்களும் நிழலுக்கு ஓடினார்கள், அவளுக்கு அன்றைக்கு வயிறு சரியில்லாமல் நாலு தடவை எழுந்து போனதும் ஊருக்கே தெரிந்துபோயிற்று.

வடிவுக்கு எரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது. அருள்தாஸ் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, “எல்லாப் பேருக்கும் பின்னால புள்ளி வச்சு பி.டி.எஃப்னு ஒட்டிக்கிட்டு இருக்கே, அதை எடுத்துரு” என்றார். எடுத்தாள். எடுத்ததும் வரிசையில் இருந்த எல்லோருக்கும் முதுகில் ஏதோ பாரம் இறங்கினாற்போல இருந்ததாம், நிமிர்ந்து நின்றார்கள். “அகர வரிசை நல்லாயில்லை, தேதிவாரியாப் போடு” என்றார். போட்டாள், வரிசை கலைந்து, ஒருவரையொருவர் தாண்டி, குழந்தைகளைக் கைமாற்றி, பாத்திரங்களைத் தூக்கி, பத்து நிமிஷம் பெரிய கூச்சலாக இடம் மாறி நின்றது. புதன்கிழமை காலை, “தேதியைவிட அளவுவாரியா இருந்தா பாக்க லட்சணமா இருக்குமோ?” என்றார்.

“சார், ஃபைல் எத்தனை கே.பி.ன்னு பாத்து அவங்களுக்கு என்ன சார் ஆகப்போவுது?”

“மேல கேட்டா என்ன சொல்லுதது? போடும்மா.”

போட்டாள். அதிகப் பக்கம் வைத்து மனுக் கொடுத்தவர்கள் முன்னால் வந்தார்கள், ஒற்றைத்தாள் மனுக்காரர்கள் பஸ் நிலையத்துக்குத் தள்ளப்பட்டார்கள், அங்கே ஒரு தகராறு. அளத்து முதலாளி ஒருவர் காரில் வந்து இறங்கி, உப்பு பாத்தியிலேயே காய்ந்து பாறையாகிறது, இதெல்லாம் எப்போது முடியும் என்று வடிவிடம்தான் சத்தம் போட்டார். ‘சிவப்புச் சேலை’யின் புருஷன் வந்து, முதல் நாள் மனைவி ‘சி’யிலும் தான் ‘கா’விலும் நின்றதால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருபது வீட்டு தூரம் ஓட வேண்டியிருந்தது, தன் ஃபைலின் பெயரைக் கொஞ்சம் மாற்றி அவளுக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா என்று கேட்டார். அகர வரிசையே மாறிப்போச்சு, இனிமேல் எந்தப் பேர் வைத்தாலும் பிரயோசனமில்லை என்று அவருக்கு விளங்க வைப்பதற்குள் வடிவுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. இமேஜ்காரர்களோ, தங்களை அகரத்துக்கு முன்னால் வைத்த இங்கிலீஷ் ஒழுங்கையே திரும்பக் கொண்டுவரும்படி ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். அதையும் வாங்கி ஸ்கேன் பண்ணி வைத்தாள்.

மரிய புஷ்பம் வந்தது அன்று மத்தியானம்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும், உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் இரண்டும் வெடித்து, வெடிப்புக்கு மேல் மெழுகு தடவியிருந்தது. வரிசையில் நிற்காமல் நேரே ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன வேணும்க்கா?”

“என் கால் இழுக்கலை.”

வடிவு திரையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“எனக்கு இந்தப் பக்கத்து வீட்டுக்காரி போயிட்டா, அந்தப் பக்கத்து வீட்டுக்காரனும் போயிட்டான், எங்கூடப் பாத்தியில நின்னவுக அத்தனை பேரும் ரெண்டு நாளா எந்திரிச்சு நடக்காவ. நான் மட்டும் அப்படியே நிக்கேன். கால் கல்லு மாதிரி கெடக்கு. நானும் மனுக் கொடுத்திருக்கேன் மேடம். அன்னிக்கே, எல்லாரோடவும். கருநீல இங்கில கைநாட்டு வச்சேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“வரிசையில போயி நில்லுங்கக்கா, பாக்கேன்.”

“நின்னேன். எடம் இல்லை. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவுல ஒரு கை போற எடம் கூட விடமாட்டேங்கு. தள்ளித் தள்ளி வெளியில கொண்டாந்து விட்டுருது.” கம்பியை விடாமல் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். “பேரு இல்லாத வீட்டை இடிப்பாவளாமே?”

வடிவு பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். பெயரைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது? ‘கருநீல இங்கி’ என்று ஒன்று இருந்தது, அது யாரோ ஒரு ஆண். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து மனுவில் ஒட்டியிருந்த புகைப்படத்தைப் பார்த்தாள், மோசஸை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பார்த்தாள், நானூற்றுப் பன்னிரண்டிலும் புஷ்பம் இல்லை. மூன்று மணிக்கு, ஃபோல்டரின் கடைக்கோடியில் ஒரு மூலையில் ‘நியூ ஃபோல்டர் 3’ என்று ஒன்று இருப்பதைக் கண்டாள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர். அவள் அடித்த வரி வெளியில் இருப்பதை மட்டும் பட்டியல் போடும், உள்ளே நுழைந்து பார்க்காது. திறந்தாள். முப்பத்தேழு ஃபைல் இருந்தது, கடைசி ஃபைலின் பெயர் ‘மறுபடி அனுப்ப வேண்டியது’, அதற்குள் ஒன்பது வருஷம் இளமையாக, எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, மரிய புஷ்பம் இருந்தாள்.

அருள்தாஸிடம் போய்ச் சொன்னபோது அவர் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

“நானூத்தி நாப்பத்தொன்பதா? ஏம்மா வடிவு, ஒன்பது வருஷமா மாசா மாசம் நானூத்திப் பன்னெண்டுன்னு மேல ரிப்போர்ட் போயிருக்கு. நூத்தியெட்டு ரிப்போர்ட். அத்தனையும் தப்புன்னு இப்ப நானே எழுதிக் கொடுக்கவா?”

“முப்பத்தேழு வீட்டை இடிச்சிருவாங்க சார்.”

“அவங்க தனியா மனுக் கொடுக்கட்டும்.”

“கொடுத்துட்டாங்க சார். அதான் உள்ள இருக்கு.”

“நீ பட்டியல்ல கைவைக்காத. நானூத்திப் பன்னெண்டு, அளவுவாரியா, புள்ளி பி.டி.எஃப் இல்லாம, நாளைக்கு அனுப்பிரு” என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்து போகும்போது, “அளவுவாரி வேண்டாம், பழையபடி அகர வரிசையே போட்டுரு” என்றார்.

வியாழக்கிழமை முழுக்க வரிசை மறுபடி அகரத்துக்கு மாறி நின்றது. சிவப்புச் சேலையின் புருஷன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓட ஆரம்பித்தார். புஷ்பம் காலையிலிருந்து ஜன்னல் கம்பியிலேயே நின்றாள். ஒருவரும் அவளை இழுக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ஒரு தடவை மட்டும், “உங்களுக்குத் தொந்தரவா இருக்கனா?” என்று கேட்டாள்.

“இருக்கீயதான்” என்றாள் வடிவு. “எல்லாருந்தான் தொந்தரவா இருக்காங்க. உள்ள வந்து உக்காருங்கக்கா, வெயில்ல நின்னுக்கிட்டு.”

பின்னாளில் ஊர் அவளைப் பற்றி, ஏழைகளுக்காகத் துணிந்து நின்றாள், வேலையைப் பணயம் வைத்தாள் என்றெல்லாம் பேசியது. அப்படி ஒன்றும் இல்லை, அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. மூன்று நாளில் ஆறு விதமாகப் பட்டியல் போட்டாயிற்று, தொண்டை போயிற்று, வயிறு போயிற்று, வருகிறவர் போகிறவர் எல்லோரும் அவளைத்தான் கேட்கிறார்கள், இத்தனைக்கும் பிறகு அந்தப் பட்டியல் தப்பான பட்டியலாக இருக்க வேண்டும் என்றால் அதை அவளால் சகிக்க முடியவில்லை, அவ்வளவுதான். நாலரை மணிக்குக் கறுப்புத் திரையைத் திறந்து, உள்ளே இருக்கிற ஃபோல்டருக்குள்ளும் போய்ப் பார் என்று சொல்லும் அந்த ஓரெழுத்தையும் சேர்த்து அடித்தாள். நானூற்று நாற்பத்தொன்பது வரி வந்தது. முப்பத்தேழும் கடைசியில் நின்றன.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த புஷ்பம் “யாத்தே” என்றாள். இடது காலின் கட்டைவிரல் தானாக ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. அப்புறம் குதிகால் எழும்பியது. அவள் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள், கால் கேட்கவில்லை, அவளை நாற்காலியிலிருந்து தூக்கி நிறுத்தி வாசலைப் பார்த்து நடத்திக்கொண்டு போயிற்று. “இழுக்குது மேடம், இழுக்குது!” என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பாத்திக்காட்டிலிருந்து மீதி முப்பத்தாறு பேரும் பஸ் நிலையத்தைத் தாண்டி வந்து வரிசையின் வாலில் சேர்ந்துகொண்டார்கள்.

அருள்தாஸ் ஜன்னலில் அதைப் பார்த்துவிட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். “யாரும்மா அந்த முப்பத்தேழு பேரு? யாரைக் கேட்டுப் போட்ட? நான் என்ன சொன்னேன், உனக்குக் காது கேக்காதா, நூத்தியெட்டு ரிப்போர்ட்டு…” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வடிவு பட்டியலை மாவட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் வைத்து அனுப்பிவிட்டாள்.

“அனுப்பிட்டேன் சார்.”

அவர் குனிந்து, திரையில் அனுப்பிய நேரத்தைப் படித்துப் பார்த்தார். பிறகு, விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, அதை அடித்துத் தருவதற்கு வேறு ஆளில்லாததால் அவளிடமே அடித்து வாங்கிக்கொண்டு, அவளிடமே கொடுத்தார்.

பட்டியல் எங்கே திறந்திருக்கிறதோ அங்கேதான் கால் போகும். வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, மாவட்ட அலுவலகத்தில் பிரிவு எழுத்தராக இருந்த தேவசகாயம் என்பவர் மின்னஞ்சலைத் திறந்தார், உவர்க்குளத்தில் நானூற்று நாற்பத்தொன்பது பேரும் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு மேற்கே தார்ச்சாலையில் ஏறினார்கள். முப்பத்தெட்டு கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறிப் பார்த்தார்கள், காலுக்கு நிற்கத் தெரியவில்லை, பஸ்ஸுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டது. வழியில் இருந்த ஊர்க்காரர்கள் குடத்தில் தண்ணீரும் மோரும் வைத்தார்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, எங்கள் பட்டியல் போயிருக்கிறது, அதான் போகிறோம் என்று பதில் வந்தது, கேட்டவர்களும் அப்படியா, பார்த்துப் போங்க என்றார்கள். மாலை ஐந்தே முக்காலுக்கு, நகரத்துக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கையில், தேவசகாயம் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கால்கள் நடுரோட்டில் விட்டுவிட்டன.

மறுநாள் சனி, அதற்கடுத்தது ஞாயிறு. பஸ் பிடித்து ஊருக்குத் திரும்பினார்கள். திங்கட்கிழமை பத்தேகாலுக்கு அவர் மறுபடி திறந்தார், இவர்கள் மறுபடி முதலிலிருந்து நடந்தார்கள், மறுபடி அதே நாலு கிலோமீட்டரில் மணி ஐந்தே முக்கால். இந்தத் தடவை தங்கக்கண், “ஒருத்தரும் ஊருக்குப் போவக் கூடாது, நாளைக்கும் முப்பத்தெட்டு நடக்க என்னால ஆகாது” என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், முகூர்த்தம் இல்லாத நாள்தானே என்று கதவைத் திறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை தேவசகாயம் கணினியைத் திறந்து ஒரு மணி நேரத்துக்குள், மாவட்ட அலுவலகத்தின் மூன்று மாடி வராந்தாவும் படிக்கட்டும் கார் நிறுத்துமிடமும் அகர வரிசையில் நிறைந்துவிட்டன.

வடிவின் கைபேசி அடித்தது.

“யம்மா, நீங்க அனுப்பின பட்டியல் எந்திரிச்சு நடந்து வந்துட்டு. என்னை எழுந்து தண்ணி குடிக்க விடமாட்டேங்காவ. நீங்க கொஞ்சம் வரணும்.”

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். தேவசகாயம் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த, கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த மனிதர். அவள் வருவதற்குள் அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

“எனக்கு இதுல அதிகாரம் இல்லம்மா. சென்னைக்கு முன்னனுப்பிருதேன். அதோட என் வேலை முடிஞ்சுது.”

“முடிஞ்சுது சார். அவங்க அறுநூறு கிலோமீட்டர் நடக்கணும்.”

“அதுக்கு நான் என்ன பண்ண?” என்று சொல்லிக்கொண்டே, முன்னனுப்பும் பொத்தானின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தார். வராந்தாவில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, நானூற்று நாற்பத்தொன்பது ஜோடிக் கால்கள் ஒரே நேரத்தில் வடக்கே திரும்பினால் சிமெண்டுத் தரையில் குதிகால் உரசுகிற சத்தம். வடிவு கதவோரம் நின்ற சிவப்புச் சேலைக்காரியைப் பார்த்தாள். அவள் முந்தானையைப் பிரித்துக் குழந்தையை இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள், தூரப் பயணத்துக்குக் கட்டுகிற மாதிரி.

தேவசகாயமும் அதைப் பார்த்தார். சுட்டியிலிருந்து கையை எடுத்தார். குதிகால்கள் திரும்பி வந்தன. அவர் மறுபடி கையை வைத்தார், கால்கள் வடக்கே திரும்பின. எடுத்தார், திரும்பி வந்தன. மூன்றாவது தடவை வைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீங்க?”

“ஃபைலைத் திறந்து பாருங்க சார்” என்றாள் வடிவு. அவள் குரல் தானாகவே ஏறிவிட்டது. “பேர் பட்டியல் கேட்டீங்க, தந்தாச்சு. அகர வரிசை, தேதி வரிசை, அளவு வரிசை எல்லாம் ஆச்சு. ஒன்பது வருஷமா ஒருத்தராவது அதுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா? பேரை வச்சுக்கிட்டு என்ன சார் பண்ணுவீங்க? ‘காது கேக்காதவர்’னு பட்டா கொடுப்பீங்களா?”

தேவசகாயம் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க என்றார்.

ஒன்பது நாள் ஆயிற்று. வடிவு ஃபைலைத் திறந்து, படத்தில் இருக்கும் முகத்தை வரிசையில் இருக்கும் முகத்தோடு ஒப்பிட்டு, “உங்க பேரு?” என்று கேட்பாள். அவர்கள் சொல்லும் பெயரை ஃபைலுக்கு வைப்பாள். தேவசகாயம் நிலவரைபடத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். பட்டா கொடுக்க அதிகாரமுள்ள அந்த அலுவலகத்து மேலதிகாரியம்மா தன் அறைக்குப் போக வழியில்லாமல் வராந்தாவிலேயே ஒரு மேஜை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், குறிப்பு வந்ததும் படித்துப் பட்டாவில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்தான ஃபைலை வடிவு வேறு ஃபோல்டருக்கு மாற்றி, அதன் வரியைப் பட்டியலிலிருந்து அழிப்பாள், ஒரு ஜோடிக் கால் விடுபடும். இமேஜ் ஏழின் பெயர் லூர்தம்மாள் என்று தெரிந்தது. காது கேட்காதவரின் பெயர் சுப்பையா, அவருக்குக் காது நன்றாகவே கேட்டது, மோசஸ் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தங்கக்கண் கால் விடுபட்டதும், பழக்கதோஷத்தில், “அப்ப மறுபடி எப்ப வரட்டும்?” என்று கேட்டார்; வரவே வேண்டாம் என்று சொன்னதும் என்ன செய்வதென்று தெரியாமல் சாயங்காலம் வரைக்கும் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாம் நாள் நான்கு மணிக்கு வராந்தாவில் ஒரே ஒரு ஆள் மிச்சம்.

“உங்க பேரு?” என்று இந்தத் தடவை தேவசகாயமே கேட்டார்.

“மரிய புஷ்பம். சூசை மகள் மரிய புஷ்பம்.” மூச்சு விட்டு, இன்னொரு தடவையும் சொன்னாள், அவர் எழுதி முடிக்கும்வரை எழுத்தெழுத்தாக அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டியல் காலியாயிற்று. தேவசகாயம் கணினியை அணைத்தார். அதற்கு முன்னால் எழுந்து போய், நிதானமாக, இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார்.

ஐந்தரை மணி பஸ்ஸில் வடிவும் புஷ்பமும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நகரத்தைத் தாண்டுவதற்குள் அருள்தாஸிடமிருந்து அழைப்பு. குறிப்பாணைக்கு விளக்கம் கேட்கத்தான் என்று நினைத்தாள்.

“ஏம்மா வடிவு, முதியோர் உதவித்தொகை மனு ஃபோல்டர் ஒண்ணு கெடக்கு. ரெண்டாயிரத்தி அறுநூறு இருக்கும். பேர்ப் பட்டியல் கேட்டிருக்காங்க. நாளைக்கு வந்து…”

“அந்தக் குறிப்பாணை என்னாச்சு சார்?”

மறுமுனையில் வெற்றிலை மெல்லும் சத்தம் நின்றது. “அதைக் கிழிச்சுப் போட்டாச்சு” என்றார். “வேற யாருக்கும்மா இந்தக் கறுப்புத் திரை தெரியுது?”

“எல்லாம் வயசானவங்க சார். முதல்ல பந்தல் போடுங்க. நாற்காலி, தண்ணித் தொட்டி, பொம்பளைங்களுக்குத் தனியாக் கக்கூஸ். உள்ள ஃபோல்டர் இருக்கான்னு நான் பாத்துக்கிடுதேன். இதெல்லாம் வந்த பெறகுதான் பட்டியல்.”

“கக்கூஸ் எத்தனைம்மா?”

“எதையாவது பண்ணுங்க சார்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

புஷ்பம் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினாள். எதிரே இருந்த காலி இருக்கையில் இரண்டு பாதங்களையும் தூக்கி நீட்டி வைத்தாள். வெடிப்புகளில் தார் ஏறிக் கறுத்திருந்தது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த நடத்துநர் நின்று, “ஏம்மா, சீட்டுல காலை வைக்கலாமா? எறக்கும்மா” என்றார்.

“இருக்கட்டும் ஐயா” என்றாள் புஷ்பம். “ரொம்ப நடந்துட்டுதுக. கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

அவர் அந்தப் பாதங்களைப் பார்த்தார். இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார்.